367-ல் நிறுத்தியவரும் 400-ஐத் தொட்டவரும்: லாரா தனக்காகத்தான் ஆடினாரா?

2025 ஜூலை 7, மாலை 5:40 (கேள்வி)

"புலவாயோ டெஸ்ட்ல தென்னாப்பிரிக்க கேப்டன் வியான் முல்டர் 367 நாட் அவுட். உணவு இடைவேளையில இன்னிங்ஸ் போதும்னு டிக்ளேர் பண்ணிட்டார். இன்னும் 34 அடிச்சிருந்தா, டெஸ்ட்லயே ஒருத்தரோட உச்ச ஸ்கோரான வெஸ்ட் இண்டீஸ் பிரையன் லாராவோட 400 காலி. வேண்டாம்னு விட்டார் பாருங்க, அவர்தான் அணிக்கான ஆள். லாரா 2004-ல கேப்டனா இருந்துக்கிட்டே ரெண்டு நாளைக்கு மேல ஆடி 400 எடுத்தார், மேட்ச் டிரா. தனக்காக ஆடினவரைத்தான் இத்தனை வருஷமா கொண்டாடறோமா?"

ஜூலை 7, இரவு 9:15

தம்பி, 2004-ல் உங்களுக்கு என்ன வயது என்று தெரியவில்லை. எனக்கு முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அதனால் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

இங்கிலாந்துக்கு எதிரான அந்தத் தொடர் எப்படிப் போய்க்கொண்டிருந்தது என்று பாருங்கள். ஜமைக்காவில் முதல் டெஸ்ட், இரண்டாவது இன்னிங்ஸில் வெஸ்ட் இண்டீஸ் 47-க்கு ஆல் அவுட். ஹார்மிசன் 12 ரன் கொடுத்து 7 விக்கெட். அடுத்து டிரினிடாட், தோல்வி. அடுத்து பார்படாஸ், தோல்வி. சொந்த மண்ணில் ஒரு தொடரின் எல்லா டெஸ்ட்டையும் அதற்கு முன் அவர்கள் பறிகொடுத்ததே கிடையாது. அந்த அவமானம் வாசலில் வந்து நிற்கும்போதுதான் நாலாவது டெஸ்ட்டுக்கு ஆன்டிகுவா வருகிறார்கள். கேப்டன் லாரா அதுவரை ஆறு இன்னிங்ஸ் சேர்த்து அடித்தது மொத்தம் 100 ரன்.

அந்த ஆள் ஏழாவது இன்னிங்ஸில் 582 பந்து ஆடி 400. ஸ்கோர் 751/5. இனி தோற்க வழியில்லை. ஊரே சிரிக்கும் நிலையில் இருந்த அணிக்கு அதைவிடப் பெரிதாக என்ன செய்ய முடியும்?

முல்டருக்கு வந்த நெருக்கடி என்ன? எதிரே ஜிம்பாப்வே. அவ்வளவுதான்.

ஜூலை 7, இரவு 11:50

தூக்கம் வரவில்லை. மேலே எழுதியதை மறுபடி படித்தேன். ஜிம்பாப்வே என்று ஏளனமாகச் சொன்னது தப்பு. 2003 அக்டோபரில் பெர்த்தில் ஆஸ்திரேலியாவின் ஹெய்டன் 380 அடித்து, லாரா 1994-ல் அடித்த பழைய 375-ஐத் தாண்டியதும் ஜிம்பாப்வேக்கு எதிராகத்தான். அப்போது யாரும் அந்த 380-ஐக் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்று சொல்லவில்லை. ரன் என்றால் ரன்தான்.

ஹெய்டனிடம் அந்தச் சாதனை இருந்தது 185 நாள். அவ்வளவு நாள் இரவல் கொடுத்துவிட்டு லாரா திரும்ப வாங்கிக்கொண்டார். அதிலும் 375 அடித்த அதே மைதானம், அதே இங்கிலாந்து. 374-ல் இருந்தபோது கேரத் பேட்டி என்கிற சுழல் பந்து வீச்சாளரை ஓங்கி ஒரு சிக்ஸர், 380. சமம். அடுத்து ஸ்வீப்பில் ஒரு நான்கு. ஒன்று இரண்டாக எடுத்துத் தயங்கித் தயங்கித் தாண்டவில்லை பாருங்கள், அது எனக்குப் பிடிக்கும்.

ஜூலை 8, காலை 7:05

இப்போது என் கட்சியையே நான் கொஞ்சம் இடிக்க வேண்டியிருக்கிறது.

ராத்திரி ஸ்கோர் விவரத்தைத் தோண்டினேன். இரண்டாம் நாள் முடிவில் வெஸ்ட் இண்டீஸ் 595/5, லாரா 313. அங்கேயே நிறுத்தியிருந்தால்? மூன்றாம் நாள் காலை முழுக்க ஆடி, உணவு இடைவேளை தாண்டித்தான் டிக்ளேர் செய்தார். இங்கிலாந்து 285-க்குச் சுருண்டு ஃபாலோ ஆன் வாங்கி (அதாவது உடனே மறுபடி ஆட வேண்டி வந்து), இரண்டாவது இன்னிங்ஸில் 422/5 எடுத்துத் தப்பித்தது. ஐந்து விக்கெட் பாக்கி. அந்த ஒரு காலைப்பொழுது கையில் இருந்திருந்தால் ஐந்து விக்கெட் விழுந்திருக்குமா? மைதானம் சிமெண்ட் தரை மாதிரி கிடந்தது, விழுந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் விழுந்திருக்கவே முடியாது என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

ஆக தம்பி சொன்னதில் பாதி சரி. முதல் 313 அணிக்கு. அடுத்த 87? அது லாராவுக்கு. ரிக்கி பாண்டிங்கும் அப்போது இந்த ரீதியில்தான் குறை சொன்னார், எங்கள் அணியில் இப்படி நடக்காது என்று. ஆஸ்திரேலியர் சொன்னார் என்பதாலேயே நான் அன்று காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஜூலை 8, காலை 7:20

ஒன்று விட்டுப்போச்சு. லாரா 400 அடிப்பதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் முல்தானில் சச்சின் 194-ல் நிற்க, டிராவிட் டிக்ளேர் செய்தார். நம் தெருவில் அன்று நடந்த சண்டை நினைவிருக்கிறதா? டிராவிட்டைத் திட்டாத ஆளே இல்லை. "ரெண்டு ஓவர் பொறுத்தா என்னய்யா குடி முழுகிடும்?" என்று கத்தியவர்கள்தான், பதினைந்து நாள் கழித்து லாராவைச் சுயநலக்காரர் என்றார்கள். நானும் இரண்டு கூட்டத்திலும் நின்றிருக்கிறேன், மறைப்பானேன்.

முல்தானில் இந்தியா இன்னிங்ஸ் வித்தியாசத்தில் ஜெயித்தது. டிராவிட் பிழைத்தார்.

ஜூலை 8, இரவு 10:30

"மார்க் டெய்லர் 1998-ல் பெஷாவரில் 334-ல், பிராட்மேனுக்குச் சமமாக நின்று டிக்ளேர் செய்யவில்லையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். செய்தார். அழகான செயல். அந்த டெஸ்ட்டும் டிராதான்! பெருந்தன்மைக்கும் வெற்றிக்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

முல்டர் விஷயத்தில் அணி இன்னிங்ஸ் மற்றும் 236 ரன்னில், மூன்றே நாளில் ஜெயித்துவிட்டது. இன்னொரு மணி நேரம் ஆடியிருந்தாலும் ஜெயித்திருக்கும். அதனால் அவர் விட்டது அணிக்காக இல்லை, லாராவுக்காக. அவரே அப்படித்தான் சொன்னார், அந்த எண் லாரா போன்ற ஒருவரிடமே இருக்கட்டும் என்று.

ஜூலை 9, மதியம்

வேலைக்கு நடுவில் எழுதுகிறேன்.

லாராவின் சின்ன வயதைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். டிரினிடாடில் சாண்டா குரூஸ் பள்ளத்தாக்கு, கன்டாரோ என்கிற சிற்றூர். 1969 மே 2 பிறப்பு. பதினொரு பிள்ளைகளில் பத்தாவது. முதலில் கையில் கிடைத்தது அண்ணன் தென்னை மட்டையில் செதுக்கிக் கொடுத்தது. (நம் ஊரிலும் அதேதான். தமிழில் பேட்டுக்கே மட்டை என்றுதானே பெயர், அந்த வகையில் லாரா நம்ம ஆள்.) வீட்டுத் திண்ணையில் அம்மாவின் பூந்தொட்டிகளை ஃபீல்டர்களாக நிறுத்தி, நடுவில் உள்ள சந்துகளில் அடித்துப் பழகியவர். பின்னாளில் கவரில் இரண்டு பேர் நிற்கும்போது நடுவில் பந்து எப்படிப் போகிறது என்று வர்ணனையாளர்கள் வியந்ததற்குப் பதில் அந்தத் திண்ணையில் இருக்கிறது.

ஆறு வயதில் அக்கா ஆக்னஸ்தான் ஹார்வர்ட் பயிற்சி முகாமில் சேர்த்துவிட்டார். அப்பா பன்டி, மகன் டெஸ்ட் ஆடுவதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை, 1989-ல் போய்விட்டார். 1990 டிசம்பர், லாகூரில் முதல் டெஸ்ட், 44 ரன். முதல் சதத்துக்கு 1993 ஜனவரி வரை காத்திருந்தார். சிட்னி, 277, அதுவும் ரன் அவுட். மகளுக்கு சிட்னி என்றே பெயர் வைத்தார்.

முதல் சதமே 277 என்றால் அந்த ஆளுக்குச் சதம் என்பது வழியில் வருகிற ஒரு டீக்கடை மாதிரி.

ஜூலை 9, இரவு

1994-ஐப் பற்றி எழுதாமல் இருக்க முடியுமா?

ஏப்ரல் 18. அதுவரை டெஸ்ட் சாதனையான சோபர்ஸின் 365 அசையாமல் கிடந்தது 36 வருஷம். கிறிஸ் லூயிஸ் குட்டையாகப் போட்ட பந்தைப் புல் செய்தார், எல்லைக்கோடு. சோபர்ஸே மைதானத்துக்குள் நடந்து வந்து கட்டிக்கொண்டார். லாரா குனிந்து ஆடுகளத்தை முத்தமிட்டார். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது: அந்தப் புல் ஷாட்டில் கால் ஸ்டம்ப்பில் பட்டு, அதன் மேல் இருக்கும் பெயில் தன் பள்ளத்திலிருந்து நகர்ந்துவிட்டது. விழவில்லை. விழுந்திருந்தால் ஹிட் விக்கெட், ஸ்கோர் 365, சோபர்ஸோடு பங்கு. ஒரு மரத்துண்டின் அசட்டையில் நின்றது வரலாறு.

நான் அப்போது கல்லிடைக்குறிச்சியில். நேரடி ஒளிபரப்பெல்லாம் கிடையாது. டீக்கடையில் பேப்பரை விரித்தால் 375 என்று போட்டிருக்கிறது. கடைக்காரர் அதை அச்சுப்பிழை என்றார். "175-ஆ இருக்கும்லே, 3-னு போட்டுட்டான்" என்று பந்தயமே கட்டினார். எனக்கு இரண்டு வடை லாபம்.

பிறகு ஜூன் 6, எட்ஜ்பாஸ்டன், இங்கிலாந்தின் கவுண்டி ஆட்டம், டர்ஹாமுக்கு எதிராக வார்விக்‌ஷயருக்காக 501. முதல்தர கிரிக்கெட்டில் ஐந்நூறைத் தாண்டிய ஒரே இன்னிங்ஸ். அணியைத் தோல்வியிலிருந்து காப்பாற்றிய இன்னிங்ஸ் அது. தனக்காக ஆடுகிறவர் என்பவர்கள் அதையும் யோசியுங்கள்.

ஜூலை 10, காலை

நேற்று கடைசியில் உளறிவிட்டேன். 501 எந்தத் தோல்வியிலிருந்தும் யாரையும் காப்பாற்றவில்லை. ஆட்டம் அதற்கு முன்பே செத்துவிட்டது. டர்ஹாம் 556/8-க்கு டிக்ளேர் செய்திருந்தது, ஜான் மோரிஸ் 204. மூன்றாம் நாள் மழையில் போயிற்று. கடைசி நாளில் ஒரு இலக்கு வைத்து ஆட்டத்தைத் திறக்க இரு கேப்டன்களும் ஒத்துவரவில்லை. அப்புறம் என்ன, லாரா நாள் முழுக்க அடித்தார். 111-லிருந்து 501. ஒரே நாளில் 390! சுயநலம் என்று சொல்ல வேண்டுமானால் 400-ஐ விட இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் அன்று யாருக்கும் நஷ்டமில்லை. மோரிஸைத் தவிர. இரட்டைச் சதம் அடித்த மனுஷனை எல்லோரும் மறந்துபோனார்கள்.

ஆரம்பத்தில் நடந்த கூத்து தெரியுமா? 12-ல் இருந்தபோது ஆண்டர்சன் கம்மின்ஸ் பந்தில் போல்டு, நோ பால். 18-ல் விக்கெட் கீப்பர் ஸ்காட் கேட்சை விட்டார். "இனி இவன் சதம் அடிச்சுருவான்" என்று அலுத்துக்கொண்டாராம். ஐந்து சதம்.

முடிவும் அப்படித்தான். ஆட்டம் ஐந்தரைக்கு முடிகிறது, முதல்தரச் சாதனையான ஹனிஃப் முகமதின் 499 இரண்டே ரன் தூரத்தில். இன்னும் நேரம் இருக்கிறது என்று லாரா நினைத்துக்கொண்டிருக்கிறார். மோரிஸ்தான் பந்து வீசுகிறார், வீசத் தெரியாதவர். அவர் பந்து ஒன்று ஹெல்மெட்டில் வேறு பட்டது. எதிர்முனையில் நின்ற பைப்பர் வந்து, இதுதான் கடைசி ஓவர், இரண்டு பந்துதான் பாக்கி என்று சொன்ன பிறகு கவரில் ஒரு நான்கு. 497, 501. பைப்பர் சொல்லாமல் இருந்திருந்தால்? அந்த அணிக்கு லாரா வந்து சேர்ந்ததே தற்செயல். முதலில் பேசிவைத்திருந்தது நம்ம மனோஜ் பிரபாகரை. அவருக்குக் காயம் என்பதால் லாரா.

ஜூலை 10, மாலை 6

ஒரு அண்ணாச்சி, "1994-ல் சேப்பாக்கம் டெஸ்ட்டில் லாரா கும்ப்ளேயை அடித்ததை நேரில் பார்த்தேன்" என்கிறார். அண்ணாச்சி, மன்னிக்கணும். அந்த வருஷம் டெஸ்ட் நடந்தது மும்பை, நாக்பூர், மொகாலியில். 2002-ல் சென்னையில் டெஸ்ட் நடந்தது, லாரா அந்தப் பயணத்துக்கே வரவில்லை. சேப்பாக்கத்தில் அவர் டெஸ்ட் ஆடியதே இல்லை. நீங்கள் பார்த்தது 1994 அக்டோபரில் நடந்த ஒருநாள் ஆட்டமாக இருக்கலாம்.

உண்மையைச் சொன்னால் இந்திய மண்ணில் லாராவுக்கு ஒரு டெஸ்ட் சதம்கூட இல்லை. மொகாலியில் 91 வரை வந்தார். இந்தியாவுக்கு எதிராக மொத்தம் 17 டெஸ்ட், 2 சதம், இரண்டும் அவர்கள் ஊரில். நம்மில் பலருக்கு லாரா எதிரியாக வந்து வலிக்க வைத்ததே இல்லை. அதனால்தான் இவ்வளவு தாராளமாகப் பிடிக்கிறதோ என்னவோ. சயீத் அன்வர் சேப்பாக்கத்தில் 194 அடித்த அன்று எழுந்து நின்று கைதட்டிய கூட்டம் நம்முடையது, அந்த மாதிரி சோதனையை லாரா நமக்கு வைக்கவில்லை.

ஜூலை 11, இரவு (நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்)

400, 375, 501 மூன்றையும் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, 1999. ஆஸ்திரேலியா வந்திருக்கிறது. அதற்குச் சற்று முன்தான் தென்னாப்பிரிக்காவில் 5-0 வாங்கிவிட்டுத் திரும்பியிருந்தார்கள். லாராவுக்குக் கேப்டன் பதவி முதல் இரண்டு டெஸ்ட்டுக்கு மட்டும், நன்னடத்தைக் காலம் மாதிரி. முதல் டெஸ்ட், அவர் சொந்தத் தீவான டிரினிடாடின் போர்ட் ஆஃப் ஸ்பெயின். 51 ஆல் அவுட். அடுத்த டெஸ்ட்டில் கிங்ஸ்டனில் 213 அடித்துத் தொடரைச் சமன் செய்தார். மூன்றாவது பிரிட்ஜ்டவுன்.

அப்போது நான் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில். டிவி கீழே வரவேற்பறையில், பதினோரு மணிக்கு மேனேஜர் அணைத்துவிடுவார். அன்று கெஞ்சினோம், வாட்ச்மேனுக்கு டீ வாங்கிக் கொடுத்தோம், சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு ஏழெட்டுப் பேர் தரையில் உட்கார்ந்தோம். இலக்கு 308. 105/5. பந்து வீசுவது மெக்ராத், கில்லெஸ்பி, வார்ன், மெக்கில். ஜிம்மி ஆடம்ஸ் கூட நின்றார், 238 வரை வந்தது. உடனே மளமளவென்று மூன்று விக்கெட், 248/8. ஆம்புரோஸ் வந்தார். 39 பந்து தாங்கினார் அந்த மனுஷன். வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது லாரா தொட்ட பந்தை விக்கெட் கீப்பர் ஹீலி விட்டார், சத்தமில்லாத அறையில் ஏழெட்டுப் பேரும் வாயைப் பொத்திக்கொண்டோம். 302-ல் ஆம்புரோஸ் அவுட். கடைசி ஆள் வால்ஷ். டெஸ்ட் வரலாற்றில் டக் அவுட்டுக்குப் பேர்போன ஆள். ஐந்து பந்து ஆடித் தாங்கிவிட்டார். கில்லெஸ்பி பந்தைக் கவரில் அடித்து லாரா முடித்தார். 153 நாட் அவுட், ஒரு விக்கெட்டில் வெற்றி. மேனேஜர் லுங்கியோடு மாடியிலிருந்து இறங்கி வந்தார், திட்டத்தான். ஸ்கோரைப் பார்த்துவிட்டு, "ரீப்ளே போடுவானா?" என்றார்.

இந்த 153-ல் எது தனக்கு, எது அணிக்கு? பிரித்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

இரண்டு, 2001 இலங்கை. மூன்று டெஸ்ட்டில் லாரா 688 ரன். 178, 40, 74, 45, 221, 130. கொழும்பு டெஸ்ட்டில் வெஸ்ட் இண்டீஸ் இரண்டு இன்னிங்ஸும் சேர்த்து எடுத்தது 652. அதில் லாரா மட்டும் 351. எதிரே கண்டிக்காரர், மலையகத் தமிழர் முரளி, அவர் சொந்த மண்ணில், உச்சத்தில் இருந்த காலம். லாரா முரளியைக் கையிலேயே படித்தார், பந்து தரையில் விழுந்த பிறகு அல்ல. மட்டை தலைக்கு மேல் ஏறியிருக்கும், முட்டி மடங்கியிருக்கும், கடைசி நொடி வரை காத்திருப்பார். சுழலுக்கு எதிராக மிட்விக்கெட்டில் ஸ்வீப். தள்ளிப் போட்டால் இறங்கி வந்து நேராக. தான் பந்து வீசியதிலேயே மிகக் கடினமான ஆள் லாரா என்று முரளி பலமுறை சொல்லியிருக்கிறார்.

முடிவு? இலங்கை 3-0. கொழும்பில் பத்து விக்கெட் வித்தியாசம். முரளியைச் சமாளித்தார் சரி, மறுமுனையில் மற்றவர்களை வாஸ் அள்ளிக்கொண்டு போனார், அந்த டெஸ்ட்டில் 14 விக்கெட்.

ஜூலை 11, இரவு, தொடர்ச்சி

மேலே எழுதும்போதே ஒரு பழைய காயம் கிளறிவிட்டது. பொங்கல் போட்டி, தாமிரபரணிக் கரை மைதானம், டென்னிஸ் பந்து. நான் பீச்சாங்கை ஆட்டக்காரன், லாரா மாதிரி மட்டையைத் தூக்குகிறேன் என்று பாதி நாள் யார்க்கரில் ஸ்டம்ப்பைப் பறிகொடுப்பவன். அன்று ஒட்டியது. எங்கள் அணி 81, அதில் என்னுடையது 52, கடைசி வரை அவுட் இல்லை. தோற்றோம். வீட்டுக்கு வரும் வழியில் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்திருந்தவன் சொன்னான்: "ஏலே, நீ கடைசி வரை நின்னதாலதாம்ல தோத்தோம். அவுட் ஆகியிருந்தா நான் வந்து அடிச்சிருப்பேன்." அவன் அதற்கு முந்தைய மூன்று ஆட்டத்திலும் சேர்த்து எடுத்தது நாலு ரன்.

தோற்ற டெஸ்ட்டுகளில் மட்டும் லாரா 14 சதம் அடித்திருக்கிறார். சைக்கிளில் பின்னால் எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள்!

ஜூலை 12

"ஓர் ஆள் 688 அடித்தும் தோற்றார்கள் என்று உருகுகிறீர்களே, அந்த அணி அப்படி ஆனதற்கு லாராவுக்குப் பங்கே இல்லையா?" என்று கேட்டவருக்கு.

இருக்கிறது. நான் இதைத் தவிர்த்துக்கொண்டே வந்தேன்.

1995 இங்கிலாந்துப் பயணத்தில் அணியை விட்டு வெளியேறிப் போய், பிறகு திரும்பி வந்தார். அடுத்த ஆஸ்திரேலியப் பயணத்துக்குப் போகவில்லை. 1996 உலகக் கோப்பையில் புனேயில் கென்யாவிடம் 93-க்குச் சுருண்டார்கள். (அடுத்து கராச்சி காலிறுதியில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக லாரா 111. அந்த ஆள் அப்படித்தான்.) 1998-ல் தென்னாப்பிரிக்கா போகும் வழியில் சம்பளத் தகராறு, அணி லண்டன் விமான நிலையத்தருகே ஹோட்டலில் உட்கார்ந்துவிட்டது, லாராவையும் ஹூப்பரையும் வாரியம் நீக்கி, மறுபடி சேர்த்தது. சம்பளம் கேட்டதில் தப்பில்லை. ஆனால் போன பிறகு 5-0. மூன்று முறை கேப்டன் ஆனார், மூன்று முறையும் தோல்விகளே மிச்சம். 2004 சாம்பியன்ஸ் டிராபி ஒன்றுதான் ஆறுதல், அதையும் ஓவலில் ஜெயித்துக் கொடுத்தது பிரவுனும் பிராட்ஷாவும், ஒன்பதாவது விக்கெட்டுக்கு.

நான் முதல் நாள் எழுதியதில், ஒழுகுகிற வீட்டில் தனி ஆளாகப் பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தவர் என்கிற தொனி இருந்தது. சில ஓடுகளை அவரே உதைத்தும் இருக்கிறார். இரண்டும் ஒரே ஆள்தான். எனக்கு இதைச் சேர்த்துப் பார்க்க இருபது வருஷம் ஆகியிருக்கிறது.

ஜூலை 13, காலை

செய்தி பார்த்தீர்களா? லாரா முல்டரிடம் பேசினாராம். 400-ஐ நோக்கிப் போயிருக்க வேண்டும், சாதனைகள் முறியடிக்கத்தான் இருக்கின்றன என்று சொன்னாராம். முல்டரே சொல்லியிருக்கிறார்.

ஒரு வாரமாக நாம் யாருக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோமோ அவரே எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டார். 313-ல் நிற்காத ஆள் வேறு என்ன சொல்வார்?

ஜூலை 13, மதியம்

"அப்படியானால் லாராவும் சுயநலக்காரர் என்று ஒப்புக்கொள்கிறீர்களா?" தம்பி விடமாட்டேன் என்கிறார்.

அந்த ஒரு காலைப்பொழுதுக்கு, ஆமாம். போதுமா? 131 டெஸ்ட்டில் ஒரு காலை.

ஜூலை 20

ஒரு வாரம் கழித்து வருகிறேன். இழை ரோகித் சர்மா பக்கம் போய்விட்டது. திருப்புகிறேன்.

சேப்பாக்கத்தில் லாரா டெஸ்ட் ஆடவில்லை என்று அண்ணாச்சியைத் திருத்தினேனே, நான் பார்த்ததைச் சொல்லவில்லை. 2007 ஜனவரி, ஒருநாள் ஆட்டம். வெஸ்ட் இண்டீஸ் துரத்துகிறது. லாரா 83, மார்லன் சாமுவேல்ஸ் 98. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் வெயில் நேராக முகத்தில். லாராவுக்கு அப்போது 37 வயது, ஓட்டத்தில் கொஞ்சம் கனம் தெரிந்தது. ஆனால் சாமுவேல்ஸோடு அவர் ரன் ஓடியதை ரசித்துப் பார்த்தேன். குரல்கூடக் கொடுக்காமல் ஒரு பார்வை, ஒரு தலையசைப்பு, இரண்டு ரன். பக்கத்தில் இருந்த பெரியவர், "அண்ணன் தம்பி மாதிரி ஓடுறானுங்க" என்றார். இந்தியா தோற்றது. வெளியே வாலாஜா சாலையில் யாரும் பெரிதாக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 21, பிரிட்ஜ்டவுன், 153 அடித்த அதே மைதானம், உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக லாராவின் கடைசி சர்வதேச ஆட்டம். மூன்று பவுண்டரி அடித்து 18-ல் இருக்கிறார். எதிர்முனையில் சாமுவேல்ஸ். மிட் ஆன் பக்கம் தட்டிவிட்டு அவர் வா என்றார், லாரா ஓடினார், அவர் வேண்டாம் என்று திரும்பினார். லாரா பாதி வழியில். பீட்டர்சன் எறிந்தது நேரே ஸ்டம்ப்பில்.

முதல் சதம் ரன் அவுட்டில் முடிந்தது, கடைசி இன்னிங்ஸும் அப்படியே. "உங்களை மகிழ்வித்தேனா?" என்று அன்று கூட்டத்தைப் பார்த்து அவர் கேட்டதைத்தான் எல்லோரும் எடுத்துப் போடுகிறார்கள். எனக்கு அந்தப் பாதி வழிதான் ஞாபகம் இருக்கிறது. சாமுவேல்ஸை ஒரு வார்த்தை திட்டாமல், திரும்பி, மட்டையைத் தூக்கிக் காட்டியபடி நடந்தார்.

ஜூலை 20, சற்று கழித்து

அண்ணாச்சி தனிமடலில் வந்தார். 1994-ல் அவர் பார்த்தது ஒருநாள் ஆட்டம்தானாம். ஆனால் கும்ப்ளேயை அடித்தது உண்மை என்கிறார். சரி, விட்டுவிட்டேன்.